பாப்பாவின் முதல் ஆல்பம் வந்தாச்சு: எங்கள் வீட்டுக் குழுவில் ஒரு வெள்ளிக்கிழமை

நான் (காலை 6:02): எல்லாருக்கும் வணக்கம். நம்ம பாப்பாவின் முதல் ஆல்பம் நள்ளிரவு 12 மணிக்கு வெளியாகிவிட்டது. ஒன்பது பாட்டு, மொத்தம் 38 நிமிடம். இணைப்பைக் குழுவின் தலைப்பில் பின் செய்து வைத்திருக்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: ஷஃபிளை அணைத்துவிட்டு வரிசையாகக் கேளுங்கள். எந்தப் பாட்டுக்குப் பின் எது என்று அவள் மாற்றி மாற்றி அடுக்கியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

பெரியப்பா (6:11): நல்லா இரு பாப்பா. வெள்ளிக்கிழமையாகப் பார்த்து வெளியிட்டிருக்கிறாய், சந்தோஷம்.

தம்பி (6:13): 2015 ஜூலையிலிருந்து உலகம் முழுக்கப் புது ஆல்பங்கள் வெள்ளிக்கிழமைதான் பெரியப்பா. அதற்கு முன்னால் நாட்டுக்கு ஒரு கிழமை. அமெரிக்காவில் செவ்வாய், இங்கிலாந்தில் திங்கள்.

பெரியப்பா (6:15): அப்படியா, தெரியாது. எந்தக் கம்பெனி வெளியிட்டது?

பாப்பா (6:20): கம்பெனி எதுவும் இல்லை பெரியப்பா. நானே. ஒரு விநியோகச் சேவை வழியாக எல்லாத் தளங்களுக்கும் போகிறது, அவ்வளவுதான். மாஸ்டர் உரிமை, அதாவது பதிவின் உரிமை, முழுக்க என்னிடமே இருக்கிறது.

பெரியப்பா (6:22): அதை மட்டும் யாருக்கும் எழுதிக் கொடுத்துவிடாதே அம்மா. கையெழுத்து கேட்டு யார் வந்தாலும் முதலில் என்னிடம் காட்டு.

அம்மா (7:05): ஒன்றிலிருந்து ஒன்பது வரை கேட்டுவிட்டேன். பெருமையாக இருக்கிறது. ஆனால் ஐந்தாவது பாட்டில் கடைசிச் சரணத்தில் குரல் உடைகிறது. நடுவில் நாற்காலி நகர்கிற சத்தம் வேறு. அந்த இடத்தை மட்டும் திருப்பிப் பாடி மாற்றி வைக்க முடியாதா? முதல் ஆல்பம், நாலு பேர் கேட்பார்கள்.

அப்பா (7:09): எனக்கும் அதுதான் தோன்றியது. படிப்பை முடித்துவிட்டு ஒரு நல்ல ஸ்டுடியோவில் நிதானமாகச் செய்திருக்கலாம். என்ன அவசரம்?

தம்பி (7:14): ஸ்னெயில் மெயில் என்ற பெயரில் பாடுகிற லிண்ட்சே ஜோர்டன் தன் முதல் ஆல்பத்தை 2018 ஜூனில் வெளியிட்டபோது அவருக்கு 18 வயது. அதற்கு முன்னாலேயே, 2016 இல், பள்ளியில் படிக்கும்போதே ஒரு இபி (சில பாட்டுகள் மட்டும் உள்ள சின்ன ஆல்பம்) வந்துவிட்டது. அந்த வயதில் எழுதுகிற பாட்டை அந்த வயதில்தான் எழுத முடியும். அக்கா ஐந்து வருஷம் கழித்துப் பாடினால் அது வேறு பாட்டாகத்தான் இருக்கும்.

அப்பா (7:16): சரிடா, கேட்டுக்கொள்கிறேன்.

பாப்பா (7:31): அம்மா, ஐந்தாவது பாட்டைப் பற்றி விளக்கமாகவே சொல்கிறேன். மற்ற எட்டுப் பாட்டிலும் குரல் தனி டிராக், கிட்டார் தனி டிராக். எந்த வரி பிடிக்கவில்லையோ அதை மட்டும் வெட்டி எடுத்து வேறு பாடி வைக்கலாம். ஐந்தாவது அப்படி இல்லை. என் அறையில் ஒரே ஒரு மைக், பாடிக்கொண்டே வாசித்தேன். குரலுக்குள் கிட்டார் இருக்கிறது, கிட்டாருக்குள் குரல் இருக்கிறது. ஒன்றை எடுத்தால் இன்னொன்றும் கூடவே வந்துவிடும்.

பாப்பா (7:36): நீங்கள் கேட்கிற மாதிரி ஒன்றும் செய்து பார்த்தேன். தாளத்துக்கு டிக் டிக்கென்று ஒலிக்கிற கிளிக் டிராக் வைத்து, கிட்டாரைத் தனியாக வாசித்து, குரலைத் தனியாகப் பாடி, சுருதியைக்கூட மென்பொருளில் நேராக்கினேன். தப்பு எதுவும் இல்லை. ஆனால் "விளக்கை அணைக்காதே, நான் இன்னும் பேசி முடிக்கவில்லை" என்கிற வரிக்கு முன்னால் நான் மூச்சு வாங்குகிற இடம் போய்விட்டது. அந்த மூச்சுக்காகத் தாளம் அரை நொடி காத்திருக்கும். கிளிக் யாருக்காகவும் காத்திருக்காது. அதனால் பழையதையே வைத்தேன்.

மாமா (7:48): பாப்பா செய்தது சரி என்பேன். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 இல் வெளியிட்ட நெப்ராஸ்கா ஆல்பம் அவர் வீட்டு அறையில் நாலு டிராக் கேசட் இயந்திரத்தில் பதிந்தது. மாதிரிக்காகப் பதிந்தவைதான் அவை. அப்புறம் இசைக்குழுவோடு ஸ்டுடியோவில் திருப்பி வாசித்தும் பார்த்தார்கள், ஒட்டவில்லை. கடைசியில் கேசட்டில் இருந்ததே ஆல்பமாக வந்தது. அப்போது அவர் பெரிய பெயர், எந்த ஸ்டுடியோவும் திறந்திருக்கும். வசதி இல்லாமல் எடுத்த முடிவில்லை அது.

அம்மா (7:52): இன்னொரு தடவை கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

சித்தி (8:40): வகுப்பு முடிந்து இப்போதுதான் கேட்டேன். பாப்பா, மூன்றாவது பாட்டில் கீழ்த் தந்தி விடாமல் ஒலித்துக்கொண்டே இருக்கிறதே, வழக்கமான ட்யூனிங் இல்லையே அது?

பாப்பா (8:43): இல்லை சித்தி, ஓப்பன் டி. விரலே வைக்காமல் மீட்டினாலே டி மேஜர் கார்டு வரும். தடித்த தந்தியிலிருந்து டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி.

சித்தி (8:45): அதாவது ச ப ச க ப ச. அந்தர காந்தாரம். ஆனால் அந்தக் காந்தாரம் கிட்டாரில் வழக்கமாகக் கேட்கிறதைவிட ஒரு நூல் கீழே நிற்கிறது. வீணை கேட்கிற காதுக்கு அது அவ்வளவு இதமாக இருக்கிறது. தெரிந்தேதான் செய்தாயா?

பாப்பா (8:49): தெரிந்தேதான் சித்தி! ட்யூனர் காட்டுகிற இடத்தில் வைத்தால் அந்தத் தந்தி மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். சம அளவில் பிரித்த ஸ்வரங்களில் அந்தக் காந்தாரம் இயற்கையாக ஒலிக்கிறதைவிட 14 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்) மேலே இருக்கிறது. அதனால் ட்யூனரை வைத்துவிட்டுக் காதை வைத்து இறக்கினேன். சின்ன வயசில் உங்கள் மடியில் உட்கார்ந்து தந்தி மீட்டினேனே, அந்தக் காதுதான்.

சித்தி (8:51): இதைப் படித்துவிட்டு என்னால் வேறு வேலை பார்க்க முடியவில்லை. என் மாணவிகள் எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன்.

மாமா (9:20): டிரம்ஸ் யார்? இரண்டாவது பாட்டில் ஸ்னேர் டிரம் நெஞ்சில் வந்து அடிக்கிறது.

தம்பி (9:22): நான்தான் மாமா. நாலு மைக்தான் இருந்தது. காலால் அடிக்கிற கிக் டிரம்முக்கு ஒன்று, ஸ்னேருக்கு ஒன்று, தலைக்கு மேலே இரண்டு. மேலே இருக்கிற இரண்டும் ஸ்னேரிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சத்தம் இரண்டிலும் முன்பின்னாகப் போய்ச் சேர்ந்து ஸ்னேர் மெலிந்துவிடும். அக்கா ஒரு கயிற்றைப் பிடித்து அளந்துகொண்டே இருந்தாள். எனக்குக் கை ஓய்ந்துபோனது, அவள் விடவில்லை.

அத்தை (9:40): நான் ஒவ்வொரு பாட்டையும் கொஞ்சம் கொஞ்சம் கேட்டுப் பார்த்தேன், எல்லாம் அருமை.

நான் (9:44): அத்தை, கோபிக்காதீர்கள். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு குறைந்தது 30 விநாடி ஓடினால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. அது மட்டுமில்லை, 2024 லிருந்து ஒரு பாட்டு முந்தைய 12 மாதத்தில் 1,000 தடவையாவது ஓடியிருந்தால்தான் பதிவுக்கான பணமே கொடுக்கிறார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு இது ரொம்ப அநியாயம். அதனால் முழுசாகக் கேளுங்கள். வாங்க நினைக்கிறவர்கள் பேண்ட்கேம்ப் தளத்தில் வாங்குங்கள். அவர்கள் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறார்கள், பணம் அனுப்புகிற கட்டணம் போக மிச்சம் பாடியவருக்கே.

அத்தை (9:47): கோபமென்ன கோபம். முதலிலிருந்து போடுகிறேன். வாங்குவது எப்படி என்று எனக்குத் தனியாக அனுப்பு.

அப்பா (11:15): நான் வாங்கிவிட்டேன். இரண்டு பிரதி வாங்க முடியுமா என்று பார்த்தேன், ஒரு கணக்குக்கு ஒன்றுதான் போலிருக்கிறது. சரியென்று அம்மா பெயரில் இன்னொன்று வாங்கினேன்.

பாப்பா (11:16): அப்பா!!

மாமா (12:30): வினைல் இசைத்தட்டு போடுகிற எண்ணம் உண்டா? 38 நிமிடம் என்றால் பக்கத்துக்கு 19, நன்றாக அடங்கும். 22 ஐத் தாண்டினால்தான் சத்தத்தைக் குறைக்க வேண்டி வரும்.

பாப்பா (12:36): ஆசை இருக்கிறது மாமா. அதை நினைத்துத்தான் வரிசையே. இரண்டு பக்கமும் தொடங்குகிற ஒன்றும் ஆறும் சத்தமான பாட்டு, முடிகிற ஐந்தும் ஒன்பதும் அடங்கின பாட்டு.

மாமா (12:41): அப்படியென்றால் உனக்குத் தெரிந்திருக்கிறது. தட்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும், நடுவுக்குப் போகப் போக ஒரு சுற்றின் நீளம் குறைந்துகொண்டே வரும். அதே இசையை நெருக்கிப் பதிய வேண்டும், சிம்பலும் "ஸ" ஓசையும் அங்கேதான் முதலில் சிதையும். வெளிவிளிம்பில் இரைச்சலான பாட்டு, உள்ளே மெதுவான பாட்டு என்று வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குத் தனி மரியாதை.

தாத்தா (3:05): பாடல்கள் கேட்டேன். கிட்டார் இரைச்சல் முதலில் பழகவில்லை. நான்காவது பாடலில் பழகிவிட்டது. ஏழாவதை இரண்டு முறை போடச் சொன்னேன். யார் எழுதியது?

பாப்பா (3:07): எல்லாப் பாட்டும் நான் எழுதியதுதான் தாத்தா.

தாத்தா (3:12): எதுகைக்காக ஒரு சொல்லைக்கூட வலிந்து போடவில்லை. எழுதிக்கொண்டே இரு.

அம்மா (8:25): ராத்திரி எல்லாரும் தூங்கப் போகட்டும் என்று இருந்துவிட முடியவில்லை, இப்போதே ஹெட்ஃபோனில் மறுபடி கேட்டேன். ஐந்தாவது அப்படியே இருக்கட்டும். நாற்காலியும் இருக்கட்டும். ஆனால் எட்டாவதில் இரண்டாம் சரணம் எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. வரிகளை அனுப்பு.

பாப்பா (8:31): இப்போதே அனுப்புகிறேன். நீங்கள் சொல்கிற இடம் நிஜமாகவே மிக்ஸில் (குரலையும் கருவிகளையும் கலந்த அளவில்) தப்பு அம்மா, இரைச்சலாக ஒலிக்கிற ஃபஸ் கிட்டார் குரலை மூடிவிடுகிறது. வினைலுக்குத் தனியாக மாஸ்டர் செய்ய (ஒலிக்கு இறுதி வடிவம் கொடுக்க) வேண்டியிருக்கும், அதற்கு முன் மிக்ஸைத் திறந்து அந்தச் சரணத்தில் குரலை ஒரு டெசிபல் ஏற்றிவிடுகிறேன்.

அம்மா (8:32): இரண்டு ஏற்று.

மாமா (8:34): அச்சுக்குப் போகும்போது சோதனைப் பிரதி வருமே, அது என் வீட்டுக்கு வர வேண்டும். முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் சரி சொல்வேன்.