சும்மா கிடக்கும் எக்செல் விண்டோவை ஸ்கிரிப்ட் வைத்து மூட முடியுமா?

கணக்குப்பிள்ளை:
ஆபீஸில் ஸ்டாக் ஃபைல் ஷேர்டு ஃபோல்டரில் இருக்கிறது. யாராவது திறந்து வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பார். மற்றவர்களுக்கு ரீட்-ஒன்லியாகத்தான் திறக்கும். பத்து நிமிடம் தொடாவிட்டால் மூடட்டும் என்று ஆட்டோஹாட்கீ 2-இல் (விண்டோஸ் வேலைகளைத் தானாகச் செய்ய வைக்கும் ஸ்கிரிப்ட் மொழி) எழுதினேன்: ஏ_டைம்ஐடில் (கீபோர்டு, மவுஸைக் கடைசியாகத் தொட்டதிலிருந்து ஓடிய மில்லிசெகண்ட்) 600000-ஐத் தாண்டினால் வின்குளோஸ் (விண்டோவை மூடும் கட்டளை). ஆள் எழுந்து போனால் மூடுகிறது. அங்கேயே உட்கார்ந்து பிரவுசரில் மேய்ந்தால் மூடுவதே இல்லை.

ராக்கோழி:
ஏ_டைம்ஐடில் கணினி முழுவதற்குமான கணக்கு. எந்த விண்டோவில் மவுஸ் அசைந்தாலும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். எக்செலுக்கு மட்டும் வேண்டுமென்றால் நீங்களே நேரம் குறிக்க வேண்டும். செட்டைமர் 1000 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ஓடட்டும். வின்ஆக்டிவ் பார்த்து எக்செல் முன்னால் இருந்து, ஏ_டைம்ஐடிலும் 2000-க்குள் இருந்தால், ஏ_டிக்கவுன்ட்டை (கணினி தொடங்கியதிலிருந்து ஓடிய மில்லிசெகண்ட்) ஒரு வேரியபிளில் போடுங்கள். இப்போதைய டிக்கவுன்ட்டில் அதைக் கழித்து 600000-ஐத் தாண்டினால் மூடுங்கள். எக்செலை அட்மினாக ஓட்டினால் ஸ்கிரிப்டும் அட்மினாக ஓட வேண்டும், இல்லையென்றால் விண்டோஸ் விடாது.

கணக்குப்பிள்ளை:
நேரம் இப்போது சரியாகப் பிடிக்கிறது. ஆனால் மூடும்போது சேவ் செய்யவா என்று கேட்டு நின்றுவிடுகிறது. வலுக்கட்டாயமாக மூடும் வின்கில் போடட்டுமா?

மேக்ரோ மாமா:
வேண்டவே வேண்டாம் தம்பி. வின்குளோஸ் கதவைத் தட்டும், வின்கில் உடைத்துவிடும். சேவ் ஆகாத என்ட்ரி எல்லாம் போச்சு. எக்செல்தானே, வெளியிலிருந்து ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? ஃபைலுக்குள்ளேயே விபிஏ (எக்செலுக்குள் இருக்கும் நிரல் மொழி) எழுதுங்கள். ஃபைல் திறந்ததும் ஓடும் ஒர்க்புக் ஓப்பனில் அப்ளிகேஷன்.ஆன்டைம் மூலம் பத்து நிமிடம் தள்ளி ஒரு மேக்ரோவைக் குறித்து வையுங்கள். அது சேவ் செய்து மூடும். ஷீட்சேஞ்ச் (செல்லை மாற்றினால் ஓடும்), ஷீட்செலக்ஷன்சேஞ்ச் (வேறு செல்லுக்குப் போனால் ஓடும்) இரண்டிலும் பழைய குறிப்பை ரத்து செய்துவிட்டு புதிதாகக் குறிக்க வேண்டும். ரத்து செய்ய அதே நேரத்தை அப்படியே கொடுக்க வேண்டும், அதனால் அதை ஒரு பப்ளிக் வேரியபிளில் வையுங்கள். மூடுவதற்கு முன் ஓடும் பிஃபோர்குளோஸிலும் ரத்து செய்ய மறந்துவிடாதீர்கள். மறந்தால் வேடிக்கைதான்: எக்செலில் வேறு ஃபைல் திறந்திருந்தால், மூடிய ஃபைலைத் தானே மறுபடி திறந்துவிடும்!

கணக்குப்பிள்ளை:
அருமை மாமா, வேலை செய்கிறது. செல்லுக்குள் கர்சரை வைத்துவிட்டுப் போனவருக்கு மட்டும் மூடவில்லையே?

மேக்ரோ மாமா:
செல் எடிட்டில் இருக்கும்வரை மேக்ரோ எதுவும் ஓடாது; அதற்கு விபிஏவில் வழியில்லை. ராக்கோழி சொன்ன ஸ்கிரிப்டையும் வைத்துக்கொண்டு, முதலில் எஸ்கேப் அனுப்பச் சொல்லுங்கள். அரைகுறையாக அடித்த அந்த ஒரு செல் மட்டும்தான் போகும். அப்புறம், ஒர்க்புக் ரீட்-ஒன்லியாகத் திறந்திருந்தால் டைமரே வைக்காதபடி ஒரு இஃப் போட்டுவிடுங்கள்.