அம்மாவின் மறதிக்கு எந்த உணவு நல்லது?

லயத்து மகள், சுங்கை சிப்புட்:
அம்மாவுக்கு 71 வயது. இளவயது முதல் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இன்றும் கத்தியைக் கொடுத்தால் பட்டையை அளவாகச் சீவுவார். ஆனால் பசியாறியதை மறந்து மறுபடி தட்டு எடுக்கிறார். சுத்த சைவம், பாலும் தொடமாட்டார். நீரிழிவுக்குப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். எல்லாரும் வல்லாரை கொடுக்கச் சொல்கிறார்கள். நிரை நிரையாக மரங்களை நினைவில் வைத்திருந்தவர் இப்படித் தடுமாறுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

ஓய்வுபெற்ற தாதி, ஈப்போ:
வல்லாரை இருக்கட்டும், தங்கச்சி. முதலில் ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவைப் பாருங்கள். செடிகொடி உணவில் அந்தச் சத்து கிடைக்காது. மெட்ஃபார்மினை நீண்ட காலம் சாப்பிட்டால் உடல் அதை உறிஞ்சுவதும் குறையலாம். இரண்டுமே அம்மாவுக்குப் பொருந்துகின்றன! பி12 குறைந்தால் மறதி வரும், கால் மரத்துப்போகும். ஊசியாலோ மாத்திரையாலோ ஈடுகட்டலாம்; சீக்கிரம் கண்டுபிடித்தால் தேறவும் வாய்ப்புண்டு. தைராய்டையும் பார்க்கச் சொல்லுங்கள். மெட்ஃபார்மினை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கம்பார் வாசகன்:
பழகிய கைவேலையைச் சிறுமூளையும் மூளையின் ஆழத்திலுள்ள நரம்பு முடிச்சுகளும் காக்கின்றன. காலையில் நடந்ததைப் பதிய வைப்பது ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி. அதனால்தான் கை மறக்கவில்லை. உணவை மட்டும் நம்பவேண்டாம். 2015இல் வெளியான ஃபின்லாந்து ஆய்வில், 60 முதல் 77 வயதுக்குட்பட்ட 1,260 பேரில் ஒரு பாதியினருக்கு நல்ல உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, இதய நலக் கண்காணிப்பு ஆகியவற்றைச் சேர்த்தே கொடுத்தார்கள். இரண்டு ஆண்டுகளில் மூளைத்திறன் சோதனைகளில் அவர்கள்தாம் சற்று மேலாக இருந்தார்கள்.

லயத்து மகள்:
கால் மரத்துப்போவதாக அம்மா அடிக்கடி சொல்கிறார், அக்கா! வெறும் வயிற்றில் அழைத்துப் போகவேண்டுமா?

ஓய்வுபெற்ற தாதி, ஈப்போ:
கிளினிக்கில் முன்கூட்டியே கேளுங்கள். கால் மரப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள், மருந்துப் பையையும் எடுத்துப் போங்கள்.