மார்கழியில் ஒரு வாரம் சென்னை: அம்மாவோடு எந்தக் கச்சேரி, எந்த நாடகம்?

தென்காசிச்சாரல்:

எல்லோருக்கும் வணக்கம். நான் தென்காசிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை. அரையாண்டு விடுமுறையில் டிசம்பர் 24 முதல் 30 வரை அம்மாவை அழைத்துக்கொண்டு சென்னை வருகிறேன். தங்குவது மந்தைவெளியில், சித்தி வீட்டில்.

அம்மாவுக்கு 68 வயது. கல்யாணமான நாளிலிருந்து திருநெல்வேலி வானொலியில் கச்சேரி கேட்டு வருகிறார். ஒரு சபாவுக்குள்கூட இதுவரை போனதில்லை. எங்கள் ஊர் ஓதுவாரிடம் கற்ற தேவாரம் நிறையத் தெரியும். முழங்கால் வலி இருப்பதால் படி ஏறுவது கஷ்டம்.

நாளிதழில் வந்த நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன், தலை சுற்றுகிறது. ஒரே மாலையில் பத்து இடங்களில் கச்சேரி! எதற்கு டிக்கெட் வேண்டும், எது இலவசம்? எனக்கு நாடகமும் ஒன்றிரண்டு பார்க்க ஆசை. முக்கியமாக, அம்மாவுக்குப் புரிகிற, அவர் கூடவே முணுமுணுக்கிற பாட்டுகளாக இருந்தால் நல்லது.

அடையாறு_கணேஷ்:

பகல் கச்சேரிகள் பெரும்பாலும் இலவசம். மாலையில் பெரிய பெயர்களுக்குத்தான் டிக்கெட். மியூசிக் அகாடமியில் மாலைக் கச்சேரிக்கு முயன்று பாருங்கள், கிடைக்காவிட்டால் வருத்தப்பட வேண்டாம். காலையில் அங்கே நடக்கும் விளக்கவுரைகளுக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். டி.டி.கே. சாலை, லஸ் பக்கம் மெட்ரோ வேலை நடக்கிறது. ஆட்டோவில் போனாலும் அரை மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிடுங்கள்.

திருவல்லிக்கேணி ரசிகை:

தங்கச்சி, உங்கள் கேள்வியைப் படித்ததும் என் அம்மா நினைவு வந்துவிட்டது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், ஒரு நாளைக்கு இரண்டு கச்சேரிக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். மூன்றாவதில் காது கேட்கும், மனது கேட்காது. நான் 26 வருடமாக மார்கழி மாதத்தில் சபா சபாவாகப் போகிறேன். ஆரம்பத்தில் நான்கு, ஐந்து என்று ஓடினேன். எந்த ராகம் எங்கே கேட்டேன் என்பதுகூட மறுநாள் நினைவில் நிற்காது.

அம்மாவுக்கு நான் சொல்லும் முதல் இடம் பாரிமுனைப் பக்கத்தில் இருக்கும் ராஜா அண்ணாமலை மன்றம். தமிழ் இசைச் சங்கத்தின் விழா டிசம்பர் கடைசியில் அங்கேதான் நடக்கும். 1943ல் தொடங்கிய சங்கம். மேடையில் தமிழ்ப் பாட்டு துக்கடாவாக, அதாவது கச்சேரிக் கடைசியில் பாடும் சின்ன உருப்படியாக மட்டும் ஒதுங்கிக் கிடந்த காலத்தில், முழுக் கச்சேரியும் தமிழிலேயே பாடலாம் என்று நின்றவர்கள். காலையில் பண் ஆராய்ச்சிக் கூட்டமும் நடத்துவார்கள், பண் என்பது தேவாரத்தின் பழைய ராகம். ஓதுவார்கள் வந்து பாடிக் காட்டுவார்கள். தேவாரம் தெரிந்தவருக்கு அதைவிட என்ன வேண்டும்? திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறி கோட்டை ஸ்டேஷனில் இறங்கினால் பக்கம்தான். மயிலை ஸ்டேஷன் மாடிப் படி மட்டும் கொஞ்சம் பயமுறுத்தும். அம்மாவால் முடியாது என்றால் ஆட்டோவே நல்லது.

இரண்டாவது, மதியக் கச்சேரி. 12 மணிக்கும் 2 மணிக்கும் பாடுவது பெரும்பாலும் இளம் பிள்ளைகள். முன் வரிசையில் உட்காரலாம். முன் வரிசை ஏன் என்றால், மிருதங்கக்காரர் கையைப் பார்க்கலாம். கச்சேரிக்கு முன்னால் ரவையைத் தண்ணீரில் குழைத்து இடது பக்கத் தோலின் நடுவில் வட்டமாக அப்புவார், பிறகு தட்டிப் பார்ப்பார். கனமாகக் கேட்டால் கொஞ்சம் கிள்ளி எடுப்பார், போதாவிட்டால் இன்னும் கொஞ்சம் வைப்பார். வலது பக்கத்தைக் கல்லும் கட்டையும் வைத்துத் தட்டித் தட்டி தம்புராவோடு சேர்ப்பார். வானொலியில் 'தும்' என்று கேட்ட சத்தம் எங்கிருந்து வருகிறது என்று உங்கள் அம்மா அப்போதுதான் பார்ப்பார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தனி ஆவர்த்தனம், அதாவது பாட்டு நின்று மிருதங்கமும் கடமும் மட்டும் வாசிக்கும் பகுதி, தொடங்கியதும் பாதிச் சபை எழுந்து கேன்டீனுக்குப் போகும். நீங்கள் எழுந்திருக்காதீர்கள். இரண்டு மணி நேரம் பாடகருக்கு அனுசரணையாக வாசித்தவர் தனக்கென்று வாசிக்கிற பத்து நிமிடம் அது. எதிரே காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு வாசிப்பது எவ்வளவு வேதனை! என் தம்பி கடம் வாசிக்கிறான், அதனால் எனக்குத் தெரியும். தோசை பத்து நிமிடம் கழித்தும் கிடைக்கும்.

கூத்துமேடை:

நாடகத்துக்கு டிசம்பர் சரியான மாதம் இல்லை. அரங்குகளைக் கச்சேரி பிடித்துக்கொள்கிறது. சபா நாடகங்களைச் சேர்ந்தாற்போலப் பார்க்க வேண்டும் என்றால் ஏப்ரல், மே மாதங்களில் வாருங்கள். கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் கோடை நாடக விழா நடத்துகிறார்கள், தினம் ஒரு புது நாடகம் போடுவார்கள்.

இப்போது வருவதால் கலாக்ஷேத்ரா நிரலைப் பாருங்கள். நாட்டிய நாடகம் இருந்தால் விடாதீர்கள். ருக்மிணி தேவி 1944ல் குற்றாலக் குறவஞ்சியை அங்கே மேடையேற்றினார். உங்கள் ஊர் அருவிதானே! நான் ஒரு வருடம் அதைப் பார்த்தேன். குறத்தி மலைவளம் சொல்லும் இடத்தில் மேடையில் மலையும் இல்லை, அருவியும் இல்லை. அந்தப் பெண்ணின் கண் மேலே போய்க் கீழே இறங்கியது, சாரல் அடித்தது போல இருந்தது. அரங்கமும் கேரளக் கோயில்களில் இருக்கும் கூத்து மேடையான கூத்தம்பலம் போலக் கட்டியது, பார்க்கவே அழகு.

தென்காசிச்சாரல்:

இன்று 30. இரவு ரயில். அதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா, ஆறு நாளில் எட்டுக் கச்சேரி, ஒரு நாட்டிய நாடகம். குறவஞ்சி கிடைக்கவில்லை, ராமாயணத்தில் ஒரு பகுதி கிடைத்தது. ஒரு சபாவில் ஒலிபெருக்கியை அலற விட்டார்கள், அம்மாவுக்குக் காது வலித்துப் பாதியில் வந்துவிட்டோம். மற்றதெல்லாம் நிறைவு. ஒரு நாள் விடியற்காலையில் கபாலீஸ்வரர் கோயில் மாட வீதியில் பஜனை கோஷ்டியோடு அம்மா நடந்தார். முழங்கால் வலிக்கிறது என்று சொல்லவே இல்லை. பாபநாசம் சிவன் மார்கழியில் பஜனை பாடிக்கொண்டு வந்த வீதி என்று சித்தி சொன்னதிலிருந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

ராஜா அண்ணாமலை மன்றத்தில் ஓதுவார் 'மாசில் வீணையும்' எடுத்ததும் அம்மா கூடவே பாட ஆரம்பித்துவிட்டார். நான் கையைப் பிடித்தேன். பக்கத்து இருக்கைப் பெரியவர், "பாடட்டும்மா, விடுங்க" என்றார்.

அப்புறம் நேற்று மதியக் கச்சேரி. மிருதங்கம் வாசித்த பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. தனி தொடங்கியது. நீங்கள் சொன்னபடியே எழுந்து போனார்கள், எங்கள் வரிசையில் நாங்கள் இரண்டு பேர்தான். குறைப்பில் மிருதங்கமும் கடமும் மாறி மாறிச் சின்னதாகிக்கொண்டே வர, அம்மா தொடையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டிருந்தார். சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். முடிவாக வாசிக்கும் கோர்வை முடிந்து, தாளத்தின் முதல் தட்டான சமத்தில் விழுந்த இடத்தில் அம்மாவின் தட்டும் சரியாக விழுந்தது. அந்தப் பையன் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தான்.

கூத்துமேடை சார், கோடை நாடக விழா ஏப்ரலில் எந்த வாரம் தொடங்கும்? எங்களுக்குப் பள்ளி ஏப்ரல் கடைசி வரை உண்டு. மே முதல் வாரத்திலும் நாடகம் இருக்கும் என்றால் டிக்கெட் இப்போதே போடச் சொல்கிறார் அம்மா.