புதுப்பிப்பு: பழைய 6 அங்குல ஜாயின்டர், பலகைக் கடைசியில் விழும் பள்ளம்

என் ஜாயின்டர் (பலகையை நேராகச் சீவும் இயந்திரம்) பலகையின் கடைசி 2 அங்குலத்தை மட்டும் ஆழமாகச் சீவுகிறது, ஏன் என்று கேட்டிருந்தேன். சரியாகிவிட்டது. அவுட்ஃபீட் மேசை (சீவிய பலகை வெளியேறும் பக்கம்) கத்தி முனையைவிடத் தாழ்ந்திருந்ததே காரணம். மேசை உயர்ந்திருந்தால் பலகை அதன் விளிம்பில் முட்டும்.

முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். அவுட்ஃபீட் மேசைமேல் நேர்ச்சட்டம் வைத்து, கத்திகள் பொருத்திய சிலிண்டரைக் கையால் சுற்றுங்கள். மூன்று கத்திகளும் இரு ஓரங்களிலும் சட்டத்தை லேசாக உரச வேண்டும். ஒன்று மட்டும் உயர்ந்திருந்தால் அதுவே வெட்டும். பரப்பில் அலை தெரியும்.

இன்ஃபீட் மேசையின் (பலகை உள்ளே போகும் பக்கம்) வெளிமுனை தொங்குவது வேறு கோளாறு. மேசையை ஆடாமல் பிடிக்கும் ஜிப் திருகுகளை இறுக்கியும் தீராவிட்டால், மேசை ஏறி இறங்கும் சரிவுத் தடத்தின் கீழ்முனையில் இருபுறமும் ஒரே தடிமனில் பித்தளை ஷிம் (மெல்லிய தகடு) வையுங்கள். மேசையைப் பட்டறையில் சமன்படுத்த மெஷினிங்குக்கு அனுப்புவது கடைசி வழி.

துரு நீக்கிய மேசைக்கு மெழுகு போதும். சிலிக்கான் ஸ்பிரே வேண்டவே வேண்டாம், அது பலகையில் ஒட்டினால் மரத்தில் பாலிஷ் பிடிக்காது.