புதுப்பிப்பு: ஏற்காட்டுக் குளிரில் நூல் அறுந்த கதை

மார்கழிக் காலையில் ரஜாய் (உள்ளே பஞ்சு வைத்த கனமான போர்வை) தைக்கும்போது நூல் அறுகிறது, தையல் விட்டுப் போகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது மெஷின் நன்றாக ஓடுகிறது.

முக்கியக் காரணம் எண்ணெய். சேலத்தில் இதே மெஷின் சிக்கல் இல்லாமல் ஓடியது. இங்கே சுமார் 1,500 மீட்டர் உயரம், விடிகாலைக் குளிரில் எண்ணெய் கெட்டிப்பட்டுவிடுகிறது. பாபின் கூட்டில் (அடிநூல் உருளை இருக்கும் இடம்) சேரும் பஞ்சுத்தூசியும் அதோடு கலந்து பிசின் போல ஒட்டி, நூலின் இழுவிசையைக் கெடுத்திருக்கிறது. இப்போது தினமும் கூட்டைக் கழற்றி பிரஷ்ஷால் துடைக்கிறேன். நூல் கோர்க்காமல், மெதுவாகக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அப்புறம்தான் தையல். ஊசியையும் 80/12 அளவிலிருந்து கொஞ்சம் தடிமனான 90/14-க்கு மாற்றினேன். மேல்துணி, பஞ்சு, அடித்துணி என்ற மூன்று அடுக்கையும் சுலபமாகத் துளைக்கிறது.

பஞ்சு விரிப்பு பற்றியும் கேட்டிருந்தீர்கள். பருத்தி ஈரத்தை இழுக்கும். பனிமூட்டத்தில் திறந்து வைத்தால் கனத்துப்போகும், அப்படியே தைத்தால் உள்ளே பூஞ்சை பிடித்து வாடை வரும். அதை வாங்குகிறவர் தலைமேல் போர்த்திக்கொண்டு தூங்க வேண்டுமே! அதனால் வெயில் வந்தபிறகு உலர்த்தித்தான் அடுக்குகிறேன். வெயில் இல்லாத நாளில் துணி வெட்டுவது, ஓரப்பட்டி தைப்பது மட்டும்.

பொங்கல் ஆர்டர்கள் கொஞ்சம் தள்ளிப்போகும். கேட்டவர்களிடம் சொல்லிவிட்டேன், சரி என்றார்கள்.