லோபாகின் ஏன் பெண் கேட்கவில்லை?

ரஷ்ய எழுத்தாளர் அந்தோன் செகாவின் ‘செர்ரித் தோட்டம்’ நாடகத்தை நானும் என் தங்கையும் வசனங்களைப் பங்கிட்டுக்கொண்டு உரக்க வாசித்தோம். நான்காம் அங்கத்தில் ஓர் இடத்தில் அவள் மேலே வாசிக்காமல் நிறுத்திவிட்டாள்.

தோட்டம் ஏலத்தில் போய்விட்டது. வாங்கியவன் வியாபாரி லோபாகின். அவன் வார்யாவைப் பெண் கேட்பான் என்று எல்லோரும் எதிர்பார்த்து, இருவரையும் தனியே விட்டிருக்கிறார்கள். அவள் எதையோ தேடுவதுபோல் மூட்டை முடிச்சுகளைத் துழாவுகிறாள். அவன் குளிரைப் பற்றிப் பேசுகிறான்: பூஜ்யத்துக்குக் கீழே மூன்று டிகிரியாம். தான் பார்க்கவில்லை என்கிறாள், சற்று மௌனம், தெர்மாமீட்டர் உடைந்துவிட்டது என்கிறாள். வெளியே யாரோ கூப்பிட, அதற்காகவே காத்திருந்தவன்போல் அவன் போய்விடுகிறான். கல்யாணப் பேச்சே எழவில்லை.

லோபாகின் ஏன் கேட்கவில்லை? வேலை மும்முரம், கூச்சம் என்றெல்லாம் சொல்கிறார்கள். எனக்கு விடை முதல் அங்கத்திலேயே இருப்பதாகத் தோன்றுகிறது. சிறுவயதில் அப்பா அடித்து மூக்கில் ரத்தம் வழிய நின்றவனை முகம் கழுவ அழைத்துப்போய், ‘கல்யாணத்துக்குள் ஆறிவிடும்’ என்று தேற்றியவள் தோட்டத்தின் சொந்தக்காரியாக இருந்த ரனேவ்ஸ்கயா. அவன் அப்பாவும் தாத்தாவும் அடிமைகளாக இருந்த பண்ணையின் எஜமானி அவள். அவன் மனம் அவளிடமே நின்றுவிட்டது. அவளுடைய வளர்ப்பு மகளான வார்யாவை எப்படிக் கேட்பான்?

•

அண்ணா, உங்கள் குறிப்பை வாசித்தேன். நான் ஓர் அமெச்சூர் குழுவில் இதே நாடகத்தில் லோபாகினாக நடித்தேன். நீங்கள் சொல்லும் காரணம் நடிக்கும்போது எனக்கும் உதவியது. ஆனால் எங்களை முதலில் படுத்தியது வேகம்தான். ஒத்திகையில் நான்காம் அங்கத்தை ஒப்பாரிபோல் இழுத்துக்கொண்டிருந்தோம். 1904இல் மாஸ்கோ கலை அரங்கில் இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி மேடையேற்றியபோதும் இதே பிரச்சினை. 12 நிமிடத்துக்குள் முடிய வேண்டிய அங்கம் 40 நிமிடம் ஓடுகிறது என்று செகாவ் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் நொந்துகொண்டார். அவருக்கு இது நகைச்சுவை நாடகம். ஸ்தனிஸ்லாவ்ஸ்கிக்குச் சோக நாடகம்.

ரயிலுக்கு இன்னும் 46 நிமிடம் என்று லோபாகின் அவசரப்படுத்துவதை வேத வாக்காக எடுத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தோம். வார்யாவாக நடித்தவரைப் பாவனை செய்யாமல் உண்மையாகவே மூட்டைகளில் தேடச் சொன்னோம். பார்வையாளர்கள் தெர்மாமீட்டர் வரிக்குச் சிரித்தார்கள். அவள் தரையில் உட்கார்ந்து அழுததும் சிரித்தவர்களே அடங்கிப்போனார்கள். ரனேவ்ஸ்கயா மெல்ல எட்டிப் பார்த்து ‘என்ன ஆயிற்று?’ என்று கேட்டுவிட்டு, பதில் வராததால் ‘கிளம்ப வேண்டும்’ என்பதும் அந்த வேகத்தில்தான் பொருந்தியது.