சூடானதும் ஐடில் ஏறிப்போய் இறங்கவே மாட்டேன் என்கிறது, நாலு ஜெட் மாற்றியும் பலனில்லை

உதைத்து ஓய்ந்தவன்

இரண்டு பழைய பைக் எஞ்சின்களின் பாகங்களைச் சேர்த்து நானே கட்டிய ஒற்றை சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக். கிராங்க் ஒன்றினுடையது, ஹெட் இன்னொன்றினுடையது. சிலிண்டரை 0.50 மிமீ அகலமாகக் கடைந்து (ஓவர்சைஸ் போர்) புது பிஸ்டன். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டர் இந்த எஞ்சினுக்கென்று வந்ததல்ல, வேறு வண்டியில் கழற்றியது. ஏர் பாக்ஸ் கிடையாது, கூம்பு ஃபில்டர்தான்.

குளிர்ந்திருக்கும்போது மூன்றாவது உதையில் பிடித்துவிடுகிறது, ஐடிலும் (த்ராட்டிலைத் திருகாதபோது ஓடும் வேகம்) அழகாக நிற்கிறது. பத்து நிமிடம் ஓடிச் சூடேறியதும் ஆட்டம் ஆரம்பம். த்ராட்டிலை மூடினாலும் எஞ்சின் ரேஸ் ஆகிக்கொண்டே இருக்கிறது, நாலைந்து விநாடி கழித்துத்தான் மனசு வந்து இறங்குகிறது. மெதுவாகத் திருகினால் கால்வாசி தாண்டும் இடத்தில் ஒரு திக்கல். மெயின் ஜெட்டை (பெட்ரோலை அளந்துவிடும் துளையுள்ள சிறு திருகு; எண் கூடினால் துளை பெரிது) 105-இலிருந்து 110, 115, 120, 125 என்று ஏற்றிப் பார்த்தேன். திக்கல் அப்படியே இருக்கிறது. கூடவே, முழு த்ராட்டிலில் இப்போது கரும்புகை வேறு.

மூன்று வார ஞாயிறுகள் இதிலேயே போய்விட்டன. ஃப்ளோட் கிண்ணத்தைக் கழற்றி மாட்டியதில் அதன் ஸ்க்ரூத் தலைகள் தேய்ந்து வழுக்குகின்றன. எங்கே தப்பு செய்கிறேன்?

பழைய ஸ்பேனர்

முதலில் அந்த 105-ஐயே திரும்பப் போடுங்கள். கால்வாசித் திறப்பில் வரும் திக்கலுக்கும் மெயின் ஜெட்டுக்கும் ஏறக்குறைய சம்பந்தமே இல்லை. கால்வாசி வரை ஐடிலுக்கான பைலட் ஜெட்டும் ஸ்லைடின் (த்ராட்டில் கேபிள் தூக்கும் அடைப்பு) அடி வெட்டும், அங்கிருந்து முக்கால் வரை ஸ்லைடில் தொங்கும் ஊசி, அதற்கு மேல்தான் மெயின் ஜெட்டின் ராஜ்ஜியம். த்ராட்டில் பிடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி கால், அரை, முக்கால் என்று கோடு போடுங்கள். "நடுவில் எங்கேயோ திக்குகிறது" என்பது நாம் நினைக்கும் இடத்தில் பெரும்பாலும் இருக்காது.

த்ராட்டிலை மூடியும் ஐடில் தொங்குவது (உடனே இறங்காதது) லீன் ஓட்டத்தின், அதாவது காற்று கூடிப் பெட்ரோல் குறைந்த கலவையின் அடையாளம். சூடானதும் மட்டும் வருகிறது என்றால் எனக்குக் காற்றுக் கசிவில்தான் சந்தேகம். ஹெட்டுக்கும் கார்பரேட்டருக்கும் நடுவில் இருக்கும் ரப்பரைப் பாருங்கள். ஐடிலில் ஓடவிட்டு இணைப்பைச் சுற்றித் தண்ணீரை மெல்லிய தூவலாக அடியுங்கள். சத்தம் மாறினால் அங்கேதான் ஓட்டை. சிலர் கார்பரேட்டர் கிளீனர் அடிப்பார்கள். சூடான சைலன்சர் பக்கத்தில் அது வேண்டாம், நான் ஒருமுறை புருவத்தைப் பொசுக்கிக்கொண்டவன்.

கிரீஸ் கை

அண்ணன் சொன்னதோடு ஒன்று. திக்கும் இடத்தில் சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். தெளிந்தால் லீன், இன்னும் மோசமானால் ரிச், அதாவது பெட்ரோல் அதிகம். செலவில்லாத சோதனை.

ஐடில் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸ்சர் ஸ்க்ரூ எந்தப் பக்கம் இருக்கிறது? ஸ்லைடுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருந்தால் வெளியே திருக ரிச் ஆகும். ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்று ஸ்க்ரூ, வெளியே திருக லீன் ஆகும்.

பாயின்ட் வகை இக்னிஷன் என்றால் அட்வான்ஸ் வெயிட்டின் (வேகம் ஏற ஏறத் தீப்பொறியை முன்கூட்டியே வரவைக்கும் எடை) ஸ்பிரிங்கையும் பாருங்கள். தளர்ந்திருந்தாலும் ஐடில் இப்படித் தொங்கும்.

உதைத்து ஓய்ந்தவன்

ஒரு வாரம் கழித்து வருகிறேன். ஸ்க்ரூ ஃபில்டர் பக்கம்! லீன் என்று நினைத்து இத்தனை நாளும் வெளியே திருகித் திருகி இன்னும் லீனாக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். சிரிக்க வேண்டாம்.

குளிர்ந்திருக்கும்போது தண்ணீர் அடித்தேன், ஒன்றும் இல்லை. சூடேறியபின் அடித்ததும் எஞ்சின் சட்டென்று குரலை மாற்றியது. கழற்றிப் பார்த்தால் ரப்பரில் விரிசல் இல்லை, அது பதியும் ஃபிளேஞ்ச்தான் (போல்ட் போட்டு இறுக்கும் தட்டை முகம்) வளைந்திருக்கிறது. கண்ணாடி மேல் வைத்தால் ஆடுகிறது. போல்ட்டை இறுக்கி இறுக்கி நானே வளைத்திருப்பேன். கண்ணாடி மேல் எமரித்தாள் ஒட்டி, எட்டு போல சுற்றித் தேய்த்துச் சமமாக்கி, புது ஓ-ரிங் போட்டேன். இப்போது த்ராட்டிலை விட்டதும் ஐடில் இறங்கிவிடுகிறது.

திக்கல் பாதி குறைந்தது. சோக் இழுத்தால் தெளிந்ததால் ஊசிக் கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கினேன் (ஊசி உயர்ந்து கலவை ரிச் ஆகும்), மீதியும் போயிற்று. மெயின் ஜெட் 110-இல் நிற்கிறது.

ஆனால் சரிவில் த்ராட்டிலை மூடினால் சைலன்சர் படபடவென்று வெடிக்கிறது. பைலட் ஜெட்டை ஏற்றட்டுமா?

பழைய ஸ்பேனர்

ஜெட்டைத் தொடாதீர்கள்! சைலன்சர் இணைப்பில் காற்று புகுந்தாலும் இப்படி வெடிக்கும். ஹெட்டில் சைலன்சர் சேரும் இடத்தில் கேஸ்கெட் புதிதா, பழையதா?

உதைத்து ஓய்ந்தவன்

பழையது. இரண்டு எஞ்சினில் எதனுடையது என்றுகூட ஞாபகம் இல்லை.